பெரிய பேண்டு, காலி சீட்டு: வாசகர் கேள்வி – பதில்

போன மாசம் இதே பக்கத்துல, நம்ம ஊர் ஈரத்துக்கு பழைய கேசட்ட பூஞ்சை புடிக்காம எப்படி வெக்கிறதுன்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த லெட்டர், வாட்ஸப் எல்லாத்துலயும் பாதிப் பேரு பூஞ்சைய விட்டுட்டு, அந்தக் கேசட்ல பாடற ராக் பேண்ட புடிச்சுக்கிட்டாங்க. அவ்ளோ புகழ் வாங்கின பழைய ராக் பேண்டுக எல்லாம் இப்ப ஏன் ஸ்டேடியத்த நிரப்ப முடியாம திணறுதுன்னு ஒரே கேள்வி. சரி, இந்த மாசம் முழுக்க அதே தான். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கேட்டவங்க எல்லாம் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கே: என் பையன் டெக்சாஸ்ல வேலைல இருக்கான். நான் காலேஜ் படிக்கறப்ப உயிரா கேட்ட ஒரு பேண்டு அவன் ஊர் ஸ்டேடியத்துக்கு வருது, "அப்பா நீங்க வர்ற டைம் தான், டிக்கெட் போடட்டுமா"ன்னு சீட் மேப்ப போட்டோ எடுத்து அனுப்பினான். பாத்தா மேப் பூரா நீலப் புள்ளி. விக்காத சீட்டாம். எங்க காலத்துல அவங்க பேரு சொன்னா உயிர விடுவோம். ரசிகர்கள் எல்லாம் எங்கீங்க போனாங்க?
– ஓய்வு பெற்ற பேங்க் ஊழியர், குன்னூர்

ப: எங்கயும் போகலீங்க, நீங்களே இருக்கீங்களே. அந்தப் பேண்ட கேக்கறவங்க அப்படியே தான் இருக்காங்க, ஃபோன்ல கேக்கறாங்க, கார்ல கேக்கறாங்க, பேரனுக்கு போட்டு காட்டறாங்க. ஆனா ஸ்டேடியத்த நிரப்பறது எப்பவுமே ரசிகன் மட்டும் கிடையாது, ரசிகன் கூட வர்றான் பாருங்க ஒருத்தன், அவன் தான் நிரப்புவான். ரூம்மேட்டு, தம்பி, லவ்வர், ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன். 2007 மார்ச்ல பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு அயர்ன் மெய்டன் பேண்டு வந்தப்ப இங்க இருந்து ஒரு வேன் போட்டு போனோம், அந்த வேன்ல பாதிப் பேருக்கு ரெண்டு பாட்டுக்கு மேல தெரியாது, ஒருத்தன் கருப்பு டீ ஷர்ட்டே இல்லாம யார்கிட்டயோ கடன் வாங்கி போட்டுட்டு வந்தான், அங்க போய் புழுதில குதிச்சு குதிச்சு தொண்ட போயி திரும்பி வர்றப்ப எங்கள விட பெரிய ரசிகனா வந்தான். அந்த டீ ஷர்ட்டு பார்ட்டிங்க தான் இப்ப வர்றதில்ல. நீலப் புள்ளி எல்லாம் அவனோட சீட்டு.

ஏன் வர்றதில்லைன்னா முதல் காரணம் துட்டு. இதுல ஒரு கணக்கு இருக்கு, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. சினிமாக்காரங்க எம்.ஜி., மினிமம் கேரண்டின்னு சொல்லுவாங்கல்ல, அதே தான் இங்கயும். பெரிய பேண்டு மேடை ஏறணும்னா டூர் நடத்தற கம்பெனி "கூட்டம் வந்தாலும் வராட்டியும் ராத்திரிக்கு இவ்ளோ"ன்னு முன்னாடியே ஒத்துக்கணும். இவ்ளோங்கறத எத வெச்சு முடிவு பண்றாங்க? அந்தப் பேண்டோட பழைய பேர வெச்சு. அதுக்கு மேல மேடை, லைட்டு, எல்இடி ஸ்கிரீன், லாரி, ஆளுங்க, இன்ஷூரன்ஸ், ஸ்டேடியம் வாடகை. கொரோனாக்கு அப்புறம் இதுல எதுவுமே விலை இறங்கல. ஸ்டேடியம் மேடைன்னா நம்ம மாரியம்மன் கோயில் திருவிழா மேடை மாதிரி சாயங்காலம் கட்டி ராத்திரி பிரிக்கற விஷயம் இல்லீங்க. யு2 பேண்டு 2009ல இருந்து 2011 வரைக்கும் போட்ட டூர்ல நண்டுக் கால் மாதிரி ஒரு ராட்சச இரும்பு மேடை, அதையே மூணு செட் செஞ்சு வெச்சிருந்தாங்க, ஒரு ஊர்ல பாடறப்ப அடுத்த ஊர்ல ஒண்ண கட்டிட்டு இருப்பாங்க, முந்தின ஊர்ல ஒண்ண பிரிச்சிட்டு இருப்பாங்க, லாரி மட்டும் நூத்துக்கு மேல. அவங்களுக்கு 110 கச்சேரியும் நிரம்பினதால கட்டுபடி ஆச்சு.

இப்ப சும்மா ஒரு கணக்குக்கு, நம்பர் எல்லாம் நானா போட்டது. 50,000 சீட்டு, பேண்டு சம்பளம் செலவு எல்லாம் சேத்து ராத்திரிக்கு 50 கோடின்னு வெச்சுக்கங்க. தலைக்கு சராசரி 10,000 ரூபா வந்தாத்தான் போட்ட காசு வரும். மேடைக்கு முன்னாடி இருக்கற 10,000 சீட்டுக்கு 25,000 ரூபா வெச்சா அதுல 25 கோடி வந்துரும், அந்த சீட்டு வித்துரும், ஏன்னா அது வாங்கறது நீங்க, வயசான ரசிகர், கையில நாலு காசு இருக்கு, வாழ்க்கைல ஒரு தடவ பக்கத்துல நின்னு பாத்தறணும்னு இருக்கு. மிச்சம் 40,000 சீட்டு இருக்கு, இன்னொரு 25 கோடி அதுல வரணும், தலைக்கு 6,250. அந்த சீட்டு எங்க இருக்கு? மேல் அடுக்குல. பாடறவரு கட்டை விரல் சைஸுல தெரிவாரு, மத்தபடி ஸ்கிரீன தான் பாக்கணும். டீ ஷர்ட்டு கடன் வாங்கினவன் அதுக்கு 6,250 குடுப்பானா? ஆயிரத்தி ஐநூறுன்னா வருவான், சரி வாடா போலாம்னு வருவான். அவன் வராததால தான் முன்னாடி நிறைஞ்சும் மேல காலியா கிடக்குது.

இதுல இன்னொரு கூத்து, டிமாண்டுக்கு தக்க விலைய ஏத்தி விடற முறை. பிளேன் டிக்கெட்டுல பாத்திருப்பீங்க. 2022 ஜூலைல அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் டூருக்கு சில சீட்டு 5,000 டாலர் வரைக்கும் போச்சு, அந்த ஆளு பாட்டே தொழிலாளி குடும்பம், ஃபேக்டரி, கடன் இதப் பத்தி தான், ரசிகர்கள் கொதிச்சுட்டாங்க, அவருக்காகவே 1980ல இருந்து நடந்துட்டு இருந்த ஒரு ரசிகர் பத்திரிகை இதனால மனசு வெறுத்து 2023ல மூடிட்டாங்க. அவருக்கு கூட்டம் குறைஞ்சுதான்னா பெருசா இல்ல. ஆனா அவரளவுக்கு இல்லாத பேண்டுகளும் அதே விலைப் பட்டியல தூக்கிட்டு வந்தாங்க பாருங்க, அங்க தான் அடி வாங்கினாங்க.

அப்புறம் ஜனங்களும் உஷாராயிட்டாங்க. முத நாள் ஏத்தின விலைய கச்சேரி நெருங்கறப்ப இறக்கித்தான் ஆகணும், காலி சீட்டுல ஒரு பைசா வராது. அமெரிக்கால லைவ் நேஷன்கற பெரிய கம்பெனி 2024 மே மாசம் ஒரு வாரம் ஆயிரக்கணக்கான கச்சேரிக்கு 25 டாலருக்கு டிக்கெட் போட்டுச்சு. ஒரு தடவ அப்படி பாத்தவன் அடுத்த தடவ முத நாளே வாங்குவானா? வெயிட் பண்ணுவான். எல்லாரும் வெயிட் பண்ணா மேப்புல நீலப் புள்ளி தான் தெரியும், நீலப் புள்ளிய பாத்தவன் "ஓ இது ஓடலபோல"ன்னு இன்னும் வெயிட் பண்ணுவான். அதனால உங்க பையன் அனுப்பின மேப்ப வெச்சு பேண்டு படுத்துருச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. அதுலயே உல்டா வேலையும் உண்டு, ஒரு பகுதி சீட்ட மேப்புல காட்டாமயே புடிச்சு வெச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடுவாங்க, மேடைக்கு பின்னாடி சீட்ட விக்கவே மாட்டாங்க, மேல் அடுக்க கருப்புத் துணி போட்டு மூடிட்டு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுவாங்க. டீவில பாக்கறவனுக்கு ஜே ஜேன்னு இருக்கும்.

வயசும் ஒரு காரணம், ஆனா எல்லாரும் அதையே முதல்ல சொல்றாங்க, எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல. ரசிகனுக்கு அறுபத்தஞ்சு ஆச்சு, முழங்கால் வலி, பார்க்கிங்ல இருந்து ஒன்ற கிலோமீட்டர் நடக்கணும், அவன் வீட்ல உக்காந்து பாத்துக்கறேங்கறான், உண்மை தான். ரோலிங் ஸ்டோன்ஸோட 2024 டூருக்கு ஸ்பான்சர் யாருன்னா அமெரிக்கால ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கான சங்கம், ஏஏஆர்பி. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க பாடகர் மிக் ஜாகர் எண்பத தாண்டியும் மேடைல அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் ஓடினாரு, கூட்டமும் வந்துச்சு. ரசிகனுக்கு வயசானா அவன கூட்டிட்டு வர பையனோ பொண்ணோ வேணும், அவ்ளோ தான். உங்களுக்கு டெக்சாஸ்ல இருக்கான். போயிட்டு வாங்க.

கே: அப்ப ஓயாசிஸ், ஏசி/டிசி, மெட்டாலிகாலாம் மட்டும் எப்படி நிரம்புது? அவங்களும் பழைய பேண்டு தானே அண்ணா.
– காலேஜ் மாணவி, ஊட்டி

ப: நல்ல கேள்வி அம்மணி. ஓயாசிஸ் 2009ல அண்ணன் தம்பி சண்டை போட்டு பிரிஞ்சாங்க, 2025 ஜூலைல கார்டிஃப்ல தான் திரும்ப ஒண்ணா மேடை ஏறினாங்க. பதினாறு வருஷம் கடைய மூடி வெச்சிருந்தா யாருக்கும் ஏக்கம் வரும்ல. நடுவுல ஒரு தலைமுறையே அவங்க பாட்ட பள்ளிக்கூடத்துல கிடார் கத்துக்கறப்ப வாசிச்சு வளந்திருச்சு, அவங்க யாருமே இவங்கள நேர்ல பாத்ததில்ல. அதனால அப்பனும் வந்தான், மகளும் வந்தா. டிக்கெட் விக்கற அன்னைக்கு 150 பவுண்டு கிட்ட போட்டிருந்த, நின்னு பாக்கற டிக்கெட்டு, க்யூல காத்து உள்ள போறதுக்குள்ள 355 பவுண்டு ஆயிடுச்சுன்னு இங்கிலாந்துல கவர்மெண்ட் விசாரணை வரைக்கும் போச்சு, இருந்தும் நிரம்புச்சு. ஏசி/டிசியும் 2016ல டூர முடிச்சவங்க 2024ல தான் அடுத்த டூர் கிளம்பினாங்க. வருஷா வருஷம் வந்தா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தோணும், இது மனுஷ புத்தி.

மெட்டாலிகா கொஞ்சம் வேற ரூட்டு. 2023 ஏப்ரல்ல ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்ச டூர்ல ஸ்டேடியத்தோட நட்ட நடுவுல வட்டமா மேடை, சுத்தி எல்லா பக்கமும் விக்கலாம், துணி போட்டு மூட வேண்டிய பின்பக்கமே இல்ல. ஒரே ஊர்ல ரெண்டு ராத்திரி, முத நாள் பாடினத ரெண்டாம் நாள் பாட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. மேடைய ஒரு தடவ கட்டிட்டு ரெண்டு நாள் கல்லா கட்டறாங்க, ரசிகன் ரெண்டு நாளும் வரான். அது போக அவங்க 1986ல போட்ட பாட்டு ஒண்ணு 2022ல நெட்ஃபிளிக்ஸ் சீரியல் ஒண்ணுல வந்து, உங்க வயசுப் பிள்ளைங்க எல்லாம் அது புதுப் பாட்டுன்னு நெனச்சு கேட்டாங்க. ஆக, டீ ஷர்ட்டு கடன் வாங்கறவன் அவங்களுக்கு இன்னும் கிடைக்கறான்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, தனியா நிரப்ப முடியாதவங்க கூட்டு சேந்துக்கறாங்க. டெஃப் லெப்பர்டு 2022ல மாட்லி க்ரூ கூட, 2024ல ஜர்னி கூட சேந்து ஸ்டேடியம் ஸ்டேடியமா போனாங்க. ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு மூணு பேண்டு, கூட வர்றவன் அதுல ஏதாச்சும் ஒண்ணு தெரிஞ்சவனா இருப்பான். ஈகோவ மூட்ட கட்டி வெச்சா ஆகற காரியம் இது.

கே: பீட்டில்ஸ் காலத்துல இந்தப் பிரச்சினையே இருந்திருக்காதே?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கோத்தகிரி

ப: இருந்துச்சு டீச்சர்! இத சொன்னா யாரும் நம்பறதில்ல. 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம், 55,600 பேரு, ராக் கச்சேரி ஸ்டேடியத்துல நடத்தலாம்னு உலகத்துக்கே காட்டின ராத்திரி. அடுத்த வருஷம் அதே ஆகஸ்ட், அதே ஸ்டேடியம், அதே நாலு பேரு, பதினோராயிரம் சீட்டு கிட்ட விக்கல. அதே மாசக் கடைசில சான்ஃபிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க்ல 42,500 பேரு புடிக்கற இடத்துல 25,000 டிக்கெட் தான் போச்சு, அது தான் அவங்க காசு வாங்கி பண்ணின கடைசி கச்சேரியும். யாருக்கும் முப்பது வயசு கூட ஆகல அப்ப. டிக்கெட்டும் ஆறு டாலர் ஏழு டாலருக்குள்ள தான்.

அப்ப வயசா காரணம், விலையா காரணம்? ரெண்டும் இல்ல. போன வருஷம் வந்தாச்சு, பாத்தாச்சு, கத்தின கத்துல பாட்டு ஒண்ணும் கேக்கல, இந்த வருஷம் கூட வர்றவன் வரல. ஆனா நெனச்சு பாருங்க, நாப்பத்தி நாலாயிரம் பேரு வந்திருக்காங்க அந்த ரெண்டாவது ஷே ஸ்டேடியத்துக்கு. ஒரு உள்ளரங்கத்துல பதினஞ்சாயிரம் பேருன்னா மூணு நாள் ஹவுஸ்ஃபுல். அதே கூட்டத்த பெரிய கிண்ணத்துல ஊத்தினா "கூட்டமே இல்ல"ன்னு பேப்பர்ல வருது.

கே: இவங்க எத்தன தடவ தான் சாமி கடைசி டூர், கடைசி டூர்னு சொல்லுவாங்க?
– டீ எஸ்டேட் சூப்பர்வைசர், கூடலூர்

ப: ஹஹா, எஸ்டேட்ல ரிட்டையர்மெண்ட் பார்ட்டி ஒரு தடவ தான் வெப்பாங்க, மாலையும் சால்வையும் வாங்கிட்டு மறுநாள் வேலைக்கு வந்தா மேனேஜர் என்ன சொல்லுவாரு? இவங்களுக்கு அந்தக் கவலை இல்ல. தி ஹூ பேண்டு 1982லயே ஃபேர்வெல் டூர் போட்டாங்க, 2025லயும் அமெரிக்கால ஃபேர்வெல் டூர் போட்டாங்க. ஸ்கார்ப்பியன்ஸ் 2010ல விடை பெறுகிறோம்னாங்க, இன்னும் பெறல. கிஸ் 2000ல ஒரு தடவ, அப்புறம் 2019ல ஆரம்பிச்சு 2023 டிசம்பர் வரைக்கும் இன்னொரு தடவ. ஈகிள்ஸ் தான் யோக்கியங்க, டூருக்கு பேரே ஃபேர்வெல் 1ன்னு வெச்சாங்க, அப்பவே ரெண்டு மூணு வரும்னு சொல்லாம சொல்லிட்டாங்க.

இதுல எல்லாத்துக்கும் மேல மாட்லி க்ரூ. 2014ல பத்திரிகைக்காரங்கள கூப்பிட்டு, இனி டூரே போக மாட்டோம்னு கான்ட்ராக்டு எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டாங்க. 2015 டிசம்பர் 31 கடைசி ஷோ. நாலே வருஷத்துல, 2019 நவம்பர்ல, அந்த கான்ட்ராக்ட வெடி வெச்சு தகர்க்கற மாதிரி ஒரு வீடியோ போட்டு திரும்ப வந்துட்டாங்க. கடைசின்னு சொன்னா ஒரு தடவ நெஜமாவே நிரம்பும், அந்தக் கூட வர்றவனும் "இத விட்டா கிடைக்காது"ன்னு வருவான். மறுபடி சொன்னா சிரிப்பான். நெஜமான கடைசின்னா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க், பிளாக் சாப்பத். அவங்க பொறந்து வளந்த ஏரியா, பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நிக்க முடியாம ஒரு சிம்மாசனத்துல உக்காந்து பாடினாரு, பதினேழு நாள் கழிச்சு 22ம் தேதி செத்துப் போனாரு. அந்த டிக்கெட்டுக்கு யாரும் விலை குறையட்டும்னு காத்திருக்கல.

கே: காசு, விலைன்னு சொல்றீங்க. பாதி பேண்டுல ஒரிஜினல் ஆளுங்களே இல்ல, குரலும் போச்சு. அதுக்கு யாரு சார் போவா?
– கார்டைட் ஃபேக்டரி ஊழியர், அருவங்காடு

ப: ஆள் மாறினா மாறிட்டு போகுது, எனக்கு அதுல பிரச்சினை இல்ல. ஃபாரினர்ங்கற பேண்டு ஒரிஜினல் ஆளு ஒருத்தர் கூட மேடைல இல்லாம ஓடிட்டு இருக்கு. லினர்ட் ஸ்கினர்டுல கடைசியா மிஞ்சி இருந்த ஆரம்ப கால ஆளு 2023ல இறந்துட்டாரு, பேண்டு நிக்கல. ஆனா ரெண்டும் இப்படியே தனியா ஸ்டேடியம் ஸ்டேடியமா நிரப்ப முடியுமான்னா முடியாது, அளவான இடத்துல வாசிச்சா ஜனம் சந்தோஷமா வருது. குரல் விஷயம் வேற. ஏரோஸ்மித் ஸ்டீவன் டைலருக்கு 2023 செப்டம்பர்ல டூர் நடுவுல தொண்டைல அடி, ஒரு வருஷம் பாத்துட்டு 2024 ஆகஸ்ட்ல இனி டூரே வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. அது மரியாதை. மத்தவங்க சுருதிய அரை கட்டை ஒரு கட்டை இறக்கி பாடுவாங்க, மேல் ஸ்தாயி வர்ற எடத்துல மைக்க கூட்டத்து பக்கம் நீட்டுவாங்க, பின்னாடி ரெக்கார்டு ஓடும். முன்னாடி வரிசைல இருக்கறவனுக்கு தெரியும், மேல் அடுக்குல இருக்கறவனுக்கு எதுவுமே தெரியாது.

ஏன் தெரியாதுன்னா, சவுண்டு என் தொழில், கொஞ்சம் சொல்லிக்கறேன். சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர் தான் போகும். மேடைல இருந்து ஸ்டேடியத்தோட அந்தக் கடைசி 140 மீட்டர்னு வெச்சா, டிரம்ல குச்சி படறத ஸ்கிரீன்ல பாத்து அரை செகண்டுக்கு கொஞ்சம் கம்மியா தாமதிச்சு தான் சத்தம் காதுல விழும். பாடறவரு வாய மூடினதுக்கு அப்புறம் பாட்டு வரும். இத சரிக்கட்ட நடுவுல டவர் போட்டு ஸ்பீக்கர் தொங்க விடுவாங்க, ஆனா அந்த ஸ்பீக்கர கணக்கா தாமதப்படுத்தி விடணும், இல்லைன்னா மேடைச் சத்தமும் டவர் சத்தமும் மாறி மாறி வந்து எக்கோ மாதிரி கொழப்பும். நல்ல ஆளு பண்ணா பிரமாதமா இருக்கும். ஆனா சுத்தி கான்கிரீட்டு, காத்து அடிச்சா சத்தம் ஒரு பக்கமா ஒதுங்கிரும். வீட்ல நல்ல ஹெட்ஃபோன்ல கேட்டு பழகினவன் 6,250 குடுத்து இத கேக்கணுமான்னு ஒரு தடவ யோசிப்பான், ரெண்டாவது தடவ வர மாட்டான். குரல் போனதுக்கு பேண்ட திட்டறாங்க, மேல் அடுக்குல பாதித் தப்பு அந்த எடத்தோடது.

கே: இளையராஜா சாருக்கும் அதே வயசு தானே, அவருக்கு மட்டும் எப்படி?
– லவ்டேல் வாசகர்

ப: அதே வயசு தான், அதே வருஷமே. 1943ல தான் ராஜா சார், ரோலிங் ஸ்டோன்ஸ் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பிங்க் ஃபிளாய்டு ரோஜர் வாட்டர்ஸ் எல்லாம் பொறந்தாங்க, அந்த வருஷத்து தண்ணில என்னமோ இருந்திருக்கு. 2025 மார்ச் 8 லண்டன்ல அவரு சிம்பொனி பண்ணினது ஸ்டேடியத்துல இல்லீங்க, அப்பல்லோ தியேட்டர், மூவாயிரத்து சொச்சம் சீட்டு. சிம்பொனிக்கு அது தான் அளவு. வெம்ப்ளி ஸ்டேடியத்துல தான் பண்ணுவேன்னு நின்னிருந்தா நம்மாளுங்களே காலி சீட்ட போட்டோ எடுத்து போட்டிருப்பாங்க. இடத்த சரியா புடிக்கறதே பாதி வெற்றி. பிளாக் கீஸ்ங்கற பேண்டு 2024ல அமெரிக்கால பெரிய அரங்கமா புடிச்சு டூர் அறிவிச்சு, டிக்கெட் போகாம, மே மாசம் மொத்தத்தையும் கேன்சல் பண்ணாங்க, மேனேஜரையும் மாத்தினாங்க. சின்ன இடமா புடிச்சிருந்தா அதே ரசிகர்கள் க்யூல நின்னிருப்பாங்க. ஆனா சின்ன இடம்னா பேண்டுக்கு ஈகோ இடிக்குது, மேனேஜருக்கு கமிஷன் இடிக்குது.

கே: நம்ம ஊட்டி எச்.ஏ.டி.பி. கிரவுண்டுல ஒரு பெரிய பேண்டு வந்தா எப்படி இருக்கும்?
– பத்தாம் வகுப்பு மாணவன், மஞ்சூர்

ப: சூப்பரா இருக்கும் கண்ணு, லாரி வரட்டும் முதல்ல. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி, மசினகுடி பக்கம் கல்லட்டில 36. நாப்பது அடி கன்டெய்னர் நூறு வந்தா அடுத்த வருஷம் மலர் கண்காட்சிக்குள்ள தான் வந்து சேரும். ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கர நிறுத்தணும், இ-பாஸ் வேற, 2025 சீசன்ல ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு கோர்ட்டே கணக்கு வெச்சுது. மழை வரும், மிஸ்ட் வரும், மேடைல ஆளு தெரியாது. ஒண்ணு சொல்றேன், நம்ம படுகர் கிராமம், அதான் ஹட்டில, திருவிழாக்கு ஆட்டம் ஆரம்பிச்சா எட்டு வயசும் எண்பது வயசும் ஒரே வட்டத்துல சுத்துது பாரு, அந்த மாதிரி கூட்டத்த புடிக்கத்தான் இந்த பேண்டு மேனேஜர்லாம் லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு இருக்காங்க.

கே: இந்தியாக்கு இனி பழைய பேண்டு வந்தா முத நாளே டிக்கெட் எடுக்கணுமா, விலை இறங்கட்டும்னு காத்திருக்கலாமா?
– ஹோட்டல் ஊழியர், குன்னூர்

ப: யாரு வர்றாங்கன்னு பாருங்க. கோல்ட்பிளே மாதிரின்னா முத நிமிஷமே உக்காரணும், 2025 ஜனவரில மும்பைல மூணு நாள், அகமதாபாத்ல ரெண்டு நாள், அந்த மோடி ஸ்டேடியத்துல ஒரு லட்சத்துக்கு மேல கூட்டம், அதுல முக்காவாசி கூட வந்தவங்க தான், அதனால தான் நிரம்புச்சு. கன்ஸ் அண்ட் ரோசஸ் அதே வருஷம் மே மாசம் மும்பை வந்தப்ப ஸ்டேடியத்த தொடவே இல்ல, மகாலட்சுமி ரேஸ் கோர்ஸ்ல தான் வெச்சாங்க, திறந்த மைதானம், எத்தன பேரு வந்தாலும் காலின்னு தெரியாது, விவரமான ஆளுங்க. அந்த மாதிரி பேண்டுன்னா முன்னாடி நிக்கணும்னு ஆசைப்பட்டா மட்டும் முத நாள் எடுங்க, பின்னாடி நின்னா போதும்னா கடைசி வாரம் பாருங்க. வாட்ஸப் குரூப்ல "எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கு, ஜிபே பண்ணுங்க"ன்னு வர்றவன நம்பாதீங்க.

பெங்களூர்ல நடந்தா திரும்பி வர்றத முதல்ல யோசிங்க. 2011 அக்டோபர் 30 மெட்டாலிகா பாத்துட்டு நாங்க கிளம்பி குண்டல்பேட்டை வந்து சேந்தப்ப நடுராத்திரி தாண்டிருச்சு, பந்திப்பூர் காட்டு ரோட்ட ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க, வண்டிக்குள்ளயே குளிர்ல உக்காந்து காதுல கொய்ங்னு சத்தத்தோட விடிய விடிய கெடந்தோம். இப்ப போனா சேலம், அவினாசி, மேட்டுப்பாளையம்னு சுத்திட்டு வந்துருங்க, இல்ல மைசூர்ல ஒரு ரூம் போட்டுருங்க.